கட்டிலுக்கடியில் ஒரு பதிப்பகம்

எங்கள் வீட்டுக் கட்டில் ஒன்று இரண்டு ஆண்டுகள் தன் கால்களில் நிற்கவில்லை. அடியில் அடுக்கியிருந்த புத்தகக் கட்டுகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. இருபது இருபதாகக் கட்டிய பழுப்புக் காகிதப் பொதிகள். மொத்தம் ஐந்நூறு பிரதிகள். அம்மா அதன்மேல் படுத்துக்கொண்டு, "உன் எழுத்து என்னைத் தாங்குதுடா" என்பார். கேலியா வாழ்த்தா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மழைக்காலம் வந்தால் சுவரோரக் கட்டுகளை நகர்த்த வேண்டும். கறையான் வருகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். விருந்தினர் வந்தால் போர்வையைத் தரைவரை தழையவிட்டு மறைக்க வேண்டும். அதில் ஒரு சிறிய வெட்கம் இருந்தது.

வீட்டிலிருந்து புத்தகம் வெளியிட்ட எவருக்கும் இந்த வெட்கம் தெரிந்திருக்கும். அச்சுக்கூடத்திலிருந்து ஆட்டோவில் கட்டுகள் வந்து இறங்கும் நாளில் பெருமிதம். ஆறு மாதம் கழித்து அதே கட்டுகள் அதே இடத்தில் இருக்கும்போது வெட்கம். பொருள் ஒன்றுதான், மாறியது நம் பார்வை. விற்காத அரிசி மூட்டையைப் பார்க்கும் வணிகனுக்கு நட்டம் மட்டுமே தெரியும். விற்காத தன் புத்தகத்தைப் பார்க்கிறவனுக்கு அங்கே தன் முகம் தெரிகிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் இறங்கும் நாம் கணக்கு நோட்டைத் திறக்கவே தயங்குகிறோம். கடைக்காரருக்கு முப்பத்தைந்தோ நாற்பதோ விழுக்காடு கழிவு, தூதஞ்சல் செலவு, வராத பாக்கி என்று கூட்டிக் கழிக்கும்போது நாம் எடைபோடுவது தாளையும் மையையும் மட்டுமல்ல என்பது நமக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அந்த வெட்கத்தைப் பற்றியல்ல. 'சுயவெளியீடு' என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட அந்தச் சொல்லில், 'சுய' என்ற முதல் பாதி என்னை நீண்ட காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அது உறுத்தத் தொடங்கியது ஒரு தபால் அட்டையால். புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; எழுபது பிரதிகள்வரை வெளியே போயிருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். நூல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. 64ஆம் பக்கத்துக்குப் பிறகு 81ஆம் பக்கம் வருகிறது என்று இன்னொரு வரி. நடுவில் பதினாறு பக்கம் இல்லை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம்; பைண்டிங்கில் ஐந்தாம் பாரம் விடுபட்டிருக்கிறது. அவருடைய பிரதியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? பைண்டரைக் கேட்டால் அச்சகத்தைக் காட்டினார். அச்சகத்தார் பைண்டரைக் காட்டினார். இரண்டு கைகளும் என் திசையிலேயே வந்து முடிந்தன, ஏனென்றால் புத்தகத்தின் உள்பக்கத்தில் வெளியீடு என்ற சொல்லுக்கு எதிரே இருந்தது என் பெயர், என் வீட்டு முகவரி.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெரிய பதிப்பகத்தில் தவறு என்பது பலர் கையில் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து கரைந்துபோகும். எழுத்தாளர் மெய்ப்புப் பார்த்தவரைச் சொல்லலாம், மெய்ப்புப் பார்த்தவர் கால அவகாசத்தைச் சொல்லலாம், விற்பனைப் பிரிவு வாசகர்களின் ரசனையைச் சொல்லலாம். வீட்டுப் பதிப்பகத்தில் அது கரைய இடமில்லை. அது வாசல்வரை நடந்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நம் சாப்பாட்டு நேரத்தில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுதந்திரமாக எழுத வேண்டும், யாரும் வெட்டக் கூடாது, யாரும் காக்கவைக்கக் கூடாது என்றுதான் நாம் இந்த வழியைத் தேர்ந்துகொண்டோம். கிடைத்த சுதந்திரம் என்னவென்று பார்த்தால், விரல் நீட்ட வேறு ஆள் இல்லாத நிலை.

இதோடு நின்றிருந்தால் இது பொறுப்பைப் பற்றிய ஒரு சிறு பாடமாக முடிந்திருக்கும். ஆனால் அன்று இரவு நடந்தது வேறு. என் மனைவி கட்டிலுக்கடியிலிருந்து கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். அரிவாள்மனை ஓரத்தில் வைத்துச் சணலை அறுத்தாள். மிச்சமிருந்த நானூற்று முப்பது பிரதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, 64, 65, 80, 81 என்று நான்கு பக்கங்களைத் தொட்டுப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தாள். விடியும்போது ஒரு பக்கம் பத்தொன்பது பிரதிகள் தனியாக இருந்தன. நான் இடையில் தூங்கிப்போயிருந்தேன். அதற்கும் முன்னால், அச்சுக்கூலிக்கு முன்பணம் கட்ட அடகுக் கடைக்குப் போனது அவளுடைய சங்கிலி. என் பெயரில் இருந்த 'சுய'த்தில் அந்தச் சங்கிலி எங்கே இருக்கிறது? அந்த இரவு எங்கே இருக்கிறது?

பள்ளியில் படித்த இலக்கணம் இத்தனை வயதுக்குப் பிறகு வேறு முகம் காட்டுகிறது. விடு என்ற வினை முதலெழுத்து நீண்டு வீடு ஆகிறது. படு என்பது பாடு ஆகிறது. இடு என்பது ஈடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். வெளியிடு என்பதிலிருந்து வெளியீடு. வெளியே இடுவது வெளியீடு, சரி. ஆனால் அந்தச் சொல்லின் பின்பாதியைத் தனியே எடுத்து வைத்தால் அங்கே 'ஈடு' இருக்கிறது. அடகாக வைப்பதும் ஈடு; இழந்ததற்குப் பதிலாகத் தருவதும் ஈடு; நிகரானதும் ஈடு. இலக்கணப் புலவர்கள் இந்த விளையாட்டை ஏற்பார்களோ என்னவோ, நான் அந்தச் சொல்லை இப்போது வேறு விதமாகப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பின்னால் யாரோ எதையோ ஈடு வைத்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பதிப்பின் வரலாற்றை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்க்கலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது அவர் கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியர். அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் வேண்டிய செல்வம் கையில் இல்லை. நூல் வரும் முன்பே வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று நாம் அறிவிப்பது அதைத்தான். ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்; எதிரே புத்தகம் இல்லை, ஒரு மனிதரின் சொல் மட்டும் இருக்கிறது. வாசகரே முதலில் ஈடு வைக்கிறார், தன் நம்பிக்கையை. அந்தக் கையொப்பத் தாள்கள் இல்லாமல் அந்தப் பதிப்பு இல்லை. அப்படியிருக்க அதை ஒருவருடைய சொந்த முயற்சி என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்?

பாரதியின் கதை இதன் மறுபக்கம். புதுச்சேரியிலிருந்து திரும்பிக் கடையத்தில் இருந்தபோது, 1920இல், அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக வெளியிடுவது, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி. நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடன் கேட்டார், வட்டியும் சொன்னார், பத்திரம் எழுதித் தருவதாகவும் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் நூல்கள் வீடுதோறும் போகும் என்று கணக்கிட்டார். நாற்பதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் நான்கு லட்சம். இன்று முந்நூறு பிரதி அடிக்கவே மூன்று முறை யோசிக்கிற நமக்கு அந்த எண் தலை சுற்றவைக்கிறது. சிலர் இதை வறுமையின் கனவு என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் உவமையாக எடுத்தவன், புத்தகம் கண்ணாடி அலமாரிக்கு உரியதல்ல, அடுப்பங்கரை மாடத்தில் இருக்க வேண்டியது என்று அறிந்தவன். கணக்கு தப்பவில்லை, காலத்தை முந்திவிட்டது. ஆனால் அவரிடம் ஈடு வைக்க இருந்தது எழுதப்பட்ட தாள்களும் இனி எழுதப்போகும் நாள்களும் மட்டுமே. அந்த ஈட்டின்மேல் அவர் கேட்ட பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். 1922இல், கணவர் இறந்த மறு ஆண்டில், செல்லம்மா பாரதி தன் சகோதரரின் துணையோடு பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் சுதேச கீதங்களை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அக்காலத்தில் கைம்பெண் என்றால் வீட்டின் பின்கட்டு. இரண்டு பெண் மக்களின் தாய். அப்படிப்பட்டவர் பதிப்பாளர் ஆனார். முயற்சி நீண்ட நாள் நடக்கவில்லை. பின்னர் பாரதி பிரசுராலயம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1949இல் அரசு உரிமையை வாங்கியது. சில ஆண்டுகளில் அந்தப் பாடல்கள் எவரும் அச்சிடக்கூடிய பொதுச் சொத்தாயின. தீப்பெட்டிக் கணக்கு ஒருவழியாக மெய்யானது.

செல்லம்மாவை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? சமைக்க வைத்திருந்த அரிசியைக் கவிஞர் குருவிக்கு இறைத்தபோது கண் கலங்கி நின்ற மனைவியாக. அந்தக் காட்சி நமக்குப் பிடித்திருக்கிறது. அதில் கவிஞர் பெரியவராகவும் மனைவி கணக்குப் பார்ப்பவராகவும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் எத்தனை பிடி அரிசி இருக்கிறது என்று அறிந்திருந்த அதே கை, பின்னாளில் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பியது. கணக்கு அறியாத பெருந்தன்மை குருவிக்குச் சோறிடும். கவிஞரின் பாடல் நூறாண்டு கழித்து நம்மிடம் வந்து சேர வேண்டுமானால் கணக்கு அறிந்த ஒருவரும் வீட்டில் இருக்க வேண்டும். கவிதையையும் கணக்கையும் எதிரெதிரே நிறுத்திப் பழகிய நாம், ஒன்று மற்றொன்றின் தோள்மேல் ஏறி நிற்பதைக் காணத் தவறிவிடுகிறோம்.

சி.சு. செல்லப்பாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1959 ஜனவரியில் அவருடைய 'எழுத்து' இதழ் தொடங்கியது. திருவல்லிக்கேணி வீடுதான் அலுவலகம். ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், தபாலுக்குக் கட்டுபவர் எல்லாம் ஒருவரே. 1970 வரை அது நடந்தது. 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் நூல்களும் வந்தன. 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 பேரின் கவிதைகள். தமிழ்ப் புதுக்கவிதைக்கு அது ஒரு பிறந்தநாள் பதிவேடு. பிச்சமூர்த்தியின் கவிதைகளும் அங்கிருந்துதான் நூலாயின. இரண்டு கைகளிலும் புத்தகப் பை தூக்கிக்கொண்டு அவர் கல்லூரி கல்லூரியாகப் போய் நின்றதை நேரில் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊர் ஊராகப் பேருந்து ஏறி, பேராசிரியர் அறை வாசலில் காத்திருந்து, நாலு புத்தகம் விற்றால் அந்தப் பணத்தில் அடுத்த ஊர். 85 வயதை எட்டும் காலத்தில்கூட, 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு இறுதியில் மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல், வாங்கிக்கொள்ள அவர் இல்லாதபோது.

அவர் மனைவியின் நகைகள் விற்றுத்தான் 'எழுத்து' நடந்தது என்று சொல்வார்கள். செல்லப்பாவின் பிடிவாதத்தை வியந்து சொல்லும்போது அது ஒரு கிளைச்செய்தியாக வரும். தியாகத்தின் பட்டியலில் ஒரு வரி, அதுவும் அவருடைய தியாகமாக. நகை யாருடையது? கழற்றிக் கொடுத்த கழுத்து யாருடையது? இலக்கிய வரலாறு இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் அடகுச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலம் வேறு என்று சொல்லலாம். தேவைக்கேற்ப ஐம்பது பிரதி அடித்துத் தர ஆள் உண்டு. கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. கிண்டிலில் ஏற்றினால் தாளே வேண்டாம். ஐ.எஸ்.பி.என். எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வசதிகள் வந்தது நல்லது. பழைய துயரங்களைப் புனிதமாக்கி அவை இன்னும் இருந்திருக்கலாமே என்று ஏங்குவது எனக்கு உடன்பாடல்ல. ஆனால் ஈடு மறைந்துவிட்டதா? இரவு பதினொரு மணிக்கு அட்டைப்படம் சரிபார்க்கிறோம். அந்த நேரத்தில் வேறொருவர் பிள்ளையைத் தூங்கவைக்கிறார். சனி ஞாயிறுகளில் பார்சல் கட்டுகிறோம். நாமும் போக வேண்டிய திருமணத்துக்கு யாரோ ஒருவர் தனியாகப் போய்வருகிறார். பணமாக இருந்த ஈடு நேரமாக மாறியிருக்கிறது. நகைக்கு அடகுச் சீட்டாவது உண்டு. நேரத்துக்கு அதுவும் இல்லை. அதனால் மீட்க வேண்டும் என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்நாட்டில் புத்தகம் வெளியிடும் எவரும், வெளியான முப்பது நாளுக்குள், தன் செலவில், கல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். நான்கில் ஒன்று சென்னைக் கன்னிமாரா. பெரிய நிறுவனம், கட்டிலடிப் பதிப்பகம் என்ற வேற்றுமை சட்டத்துக்கு இல்லை. வீட்டிலிருந்து புறப்பட்ட பொதியும் அங்கே போய், 1896 முதல் இயங்குகிற அந்த நூலகத்தில் ஒரு எண் பெற்று உட்கார்ந்துவிடும். நாம் போன பிறகு, நம் வீடு விற்கப்பட்டு வேறொருவர் அந்தக் கூடத்தில் கட்டில் போட்ட பிறகு, யாரோ ஒருவர் அந்தப் பிரதியை எடுத்து உள்பக்கத்தைத் திறக்கலாம். ஆசிரியர் பெயர், உரிமை, ஆண்டு, பக்கம், தாள், விலை, அச்சிட்டோர் என எல்லாமே அதில் இருக்கும். எத்தனை பாயிண்டு எழுத்து என்றுகூட நம் பழைய பதிப்பாளர்கள் அச்சிட்டார்கள். யாருடைய இரவு அதில் செலவானது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

சிந்தித்துப் பார்த்தால் இது புத்தகத்தோடு முடிகிற செய்தியல்ல. மனிதர் 'நானே செய்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் எந்தச் செயலை எடுத்து அதன் உள்பக்கத்தைத் திறந்தாலும், உழுதவன் நிலத்தில் விதை காத்த கை, படித்தவன் பட்டத்தில் விளக்குக்கு எண்ணெய் வார்த்த கை, துறந்தவன் துறவிலும் அவன் விட்டுப்போன வீட்டை அதன் பிறகும் பெருக்கிக் கோலமிட்ட கை என்று, எழுதப்படாத ஒரு பெயர் ஈடாக இருந்து அந்தச் செயலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தன்னைத் தானே தாங்கி நிற்பதாக நாம் எண்ணும் தனித்தன்மை என்பது, நம் பொருட்டு வேறொருவர் தன்னில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்ததால் நமக்குக் கிடைத்த இடைவெளி. விடுவதால்தான் அது வீடு என்று நம் மொழி பெயரிட்டிருக்கிறதென்றால், அங்கே முதலில் விட்டவர் யார் என்று அறியாதவரை, நாம் எதை எத்தனை பிரதி அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினாலும், வாங்கிய கடனைத் தம் செல்வம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களாகவே இருப்போம்.

அந்த நூல் இரண்டாம் பதிப்புக்கு வந்திருக்கிறது, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த முறை இருநூறு பிரதிதான். சங்கிலி எப்போதோ மீண்டுவிட்டது. கட்டில் தன் கால்களில் நிற்கிறது. அதில் படுத்திருந்த அம்மாதான் இல்லை. உள்பக்கத்தின் மெய்ப்பு வந்தபோது வெளியீடு என்ற சொல்லுக்கு எதிரே என் பெயரை அடித்துவிட்டு மனைவியின் பெயரை எழுதினேன். அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இனிஷியல் தப்பாக இருக்கிறது என்றாள். கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலைப் போட்டிருந்தேன். திருத்தினேன். வேறு எதுவும் சொல்ல மாட்டாளோ என்று நின்றேன்.

போன வாரம் கட்டுகள் வந்து இறங்கின. ஆட்டோக்காரர் போன பிறகு முதல் கட்டைப் பிரித்து, ஒரு பிரதியை எடுத்து, அவள் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"பேரெல்லாம் இருக்கட்டும்ங்க" என்றாள். "அஞ்சாம் பாரம் இருக்கான்னு மொதல்ல பாருங்க."

அரிவாள்மனையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். 64, 65, 80, 81.